தெருவின் குறையை அலுவலகக் கோப்புக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி? வடசென்னை நலச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

வடசென்னையில் குடியிருப்போர் நலச் சங்கம் நடத்துபவர்களுக்குக் கோரிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் குழாயில் சாக்கடை கலந்து வரும் தண்ணீர், கொடுங்கையூரில் குப்பைக் கிடங்குப் புகை, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, மணலியில் இரவு நேரத்து வாயு நாற்றம் என்று பகுதிக்கொரு பட்டியல் இருக்கிறது. இவற்றில் பல ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடப்பதற்கு அலுவலக அலட்சியம் ஒரு காரணம். புகார் உரிய இடத்துக்கு உரிய வடிவில் போய்ச் சேராதது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதைச் சரிசெய்வது முழுக்கச் சங்கத்தின் கையில் இருக்கிறது.

சங்கம் இன்னும் பதிவு செய்யப்படவில்லை என்றால் அதிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கம் அமைக்கலாம். துணை விதிகளை எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்து, குறைந்தது மூன்று பேர் கொண்ட செயற்குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. துணை விதிகளில் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் உறுப்பினர் உரிமை தர வேண்டும். ஒரே வீட்டில் நான்கைந்து குடித்தனங்கள் இருக்கும் நம் தெருக்களில், வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறார். அடி பம்பில் அதிகாலையில் தண்ணீர் அடிப்பவர்கள் வாடகைதாரர்கள்தாம். அவர்களையும், குறிப்பாகப் பெண்களையும் விட்டுவிட்டு எடுக்கும் தீர்மானத்துக்குத் தெருவில் மதிப்பிருக்காது.

அடுத்ததாக, எந்தக் குறை எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதில் தெளிவு வேண்டும். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, உட்புறச் சாலை, குப்பை ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. அதற்கான புகார் எண் 1913. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அங்கே அழைக்க வேண்டிய எண் 1916. தெருவில் கறுப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும்போது இந்த இரண்டுக்கும் இடையில்தான் புகார் மாட்டிக்கொள்கிறது. சாக்கடை மேன்ஹோல் அடைத்துக்கொண்டு பொங்கினால் அது வாரியத்தின் வேலை. வடிகாலில் மண் தூர்ந்து மழைநீர் வெளியேறாவிட்டால் அது மாநகராட்சியின் வேலை. யாரோ கழிவுநீர் இணைப்பை வடிகாலில் விட்டிருந்தால் இரு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதன் நகலைக் குறிப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் "இது எங்கள் வேலை இல்லை" என்ற பதிலை எந்த அலுவலகமும் எளிதில் சொல்லிவிட முடியாது.

சாக்கடை கலந்த குடிநீர் பற்றிய புகாரைச் சற்று விரிவாகப் பார்ப்போம். குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கும் நேரத்தில், விரிசல் வழியாக வெளியிலிருக்கும் கழிவுநீர் உள்ளே புகுந்துவிடுகிறது. வீடுகளில் மோட்டாரை நேராக இணைப்பில் வைத்து உறிஞ்சினால் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது. எனவே கடிதம் எழுதும் முன்பே, அப்படி உறிஞ்சுவதை நிறுத்தும்படி சங்கம் தன் தெருவிலேயே கேட்டுக்கொள்வது முறை. பிறகு ஒரு வாரம், எந்தெந்தக் கதவு எண் வீட்டில், எத்தனை மணிக்கு, முதல் குடத்திலா கடைசிக் குடத்திலா நாற்றம் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். முதல் குடம் மட்டும் நாறித் தண்ணீர் பிறகு தெளிந்தால், பெரும்பாலும் கசிவு அந்த வீட்டு இணைப்பிலோ அதற்கு அருகிலோ இருக்கும். தெருவின் ஒரு பாதி முழுவதும் நாறினால் பிரதானக் குழாயைச் சந்தேகிக்கலாம். பள்ளம் தோண்ட வேண்டிய இடத்தைப் பொறியாளர் கண்டுபிடிக்க இந்தக் குறிப்பு உதவும்.

கடிதத்தின் பொருள் வரியில் "குடிநீர்ப் பிரச்சினை தொடர்பாக" என்று பொதுவாக எழுதாமல், "இன்ன தெரு, கதவு எண் 14 முதல் 31 வரை, காலை விநியோகத்தில் கழிவுநீர் கலப்பு; குழாயில் கசிவைக் கண்டறிந்து சரிசெய்யக் கோருதல்" என்று எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். தெருவிளக்கையும் நாய்த் தொல்லையையும் அதிலேயே சேர்த்தால் கோப்பு எந்த மேசைக்கும் உரியதாகாமல் போய்விடும். எஞ்சிய குளோரின் (கிருமி நீக்கச் சேர்த்த குளோரினில் தண்ணீரில் மிஞ்சியிருப்பது) அளவைச் சோதிக்கும்படியும் கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி நுகர்வோர் குழாயில் அது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். கடிதத்தைக் குடிநீர் வாரியத்தின் வார்டு அலுவலகமான டிப்போவில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத நகலை வைத்துப் பிறகு மேல் அதிகாரியிடம் வாதாட முடியாது. டிப்போவில் வேலை நடக்காவிட்டால், வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த நகலோடு செல்லுங்கள். கூட்டமாகப் போவதைவிட, விவரம் தெரிந்த இருவர் போவது நல்லது.

தொலைபேசியில் பதிவான புகார், வேலை நடக்காமலேயே முடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருவதும் உண்டு. அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள். மாமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போக வேண்டும். 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் நடத்தப்பட்டுவரும், வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபாக் கூட்டங்களிலும் அதே கோரிக்கையை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சாலை போடும் செய்தி கிடைத்தவுடன், ஜல்லி இறங்கும் முன்பே, பத்து வீடுகளின் வாசற்படிக்கும் சாலை மட்டத்துக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-இல் அறிவுறுத்தியிருக்கிறார். சுரண்டாமல் மேலே மேலே போட்டதால்தான் நம் பழைய தெருக்களில் பல வீடுகள் சாலைக்குக் கீழே இறங்கிவிட்டன, மழைக்காலத்தில் தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது. வேலை முடிந்தபின் எழுப்பும் புகாரால் பயன் மிகக் குறைவு.

தொழிற்சாலைக் காற்றைப் பொறுத்தவரை, "நாற்றம் தாங்கவில்லை" என்ற மனுவால் ஒன்றும் நடக்காது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்ததும் உலகறிந்த செய்திகள்; ஆனால் அன்றாடம் வரும் நாற்றத்தை யாராவது குறித்து வைத்தால்தான் அதற்குச் சாட்சி இருக்கும். நாள், மணி, காற்று வீசிய திசை, நாற்றத்தின் தன்மை, கண் எரிச்சலா மூச்சுத் திணறலா என்பதைப் பல வீடுகளில் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். மணலி, கொடுங்கையூர், இராயபுரம் ஆகிய இடங்களில் காற்றின் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் உள்ளன. அவற்றின் அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இணையத்தில் வெளியிடுகிறது. உங்கள் குறிப்பிலுள்ள மணியையும் நிலைய அளவையும் அருகருகே வைத்து மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். ஆலை விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், குறைந்தது 30 நாள் அவகாசம் தரப்பட வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்து, கருத்தை எழுத்திலும் கொடுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை யாரும் எழுந்து போகக் கூடாது. காசிமேடு முதல் எண்ணூர் வரை மீனவக் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்தாரை முன்கூட்டியே சந்தித்துப் பேசிவிடுவதும் அவசியம்.

பதில் வராத கடிதங்களுக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. அச்சட்டம் குடிமக்களுக்கு உரியது என்பதால், சங்கத்தின் பெயரில் எழுதாமல் நிர்வாகி ஒருவர் தம் பெயரில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காமல், இன்ன தேதியிட்ட மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வளவையும் தாங்கி நிற்பது தீர்மானப் புத்தகமும் புகார்ப் பதிவேடும்தான். செயற்குழு மாறும்போது வங்கிக் கையெழுத்து, முத்திரை ஆகியவற்றோடு இவ்விரண்டையும் பட்டியலிட்டு, பெற்றுக்கொண்டவரிடம் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள். புதிய நிர்வாகிகளின் விவரத்தையும் ஆண்டுக் கணக்கையும் உரிய காலத்தில் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் பொறுப்பைச் செயலாளர், பொருளாளர் இருவருக்கும் பெயர் குறிப்பிட்டுத் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.