உப்புக்காற்றில் ஓடிய வெசல் வாங்குமுன்

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோரம் நின்ற ஹொண்டா வெசல் ஹைபிரிட் கார் விலைக்கு வந்தால், பெயின்டின் பளபளப்பை விடுங்கள். முதலில் ரேம்பில் ஏற்றச் சொல்லுங்கள். பிரேக் குழாய், சப்ஃபிரேம் (எஞ்சினையும் சில்லுப் பகுதிகளையும் தாங்கும் சட்டம்) போல்ட், பின்கதவின் கீழ் விளிம்பு எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு அண்டர்சீல் (அடிப்பக்கக் கறள்தடுப்புப் பூச்சு) அடித்திருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஸ்குரூ டிரைவர் முனையால் மெல்லத் தட்டுங்கள். செதிலாக உதிர்ந்தால் உள்ளே கறள் தின்றுவிட்டது.

பெரிய செலவு கியர்பெட்டியில்தான். 2013 இறுதியில் வந்த முதல் தலைமுறை ஹைபிரிட்டில் இருப்பது 7 கியர் இரட்டைக் கிளட்ச். கோணேசர் கோயிலுக்கு ஏறுவது போன்ற ஒரு மேட்டில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நிறுத்தி நிறுத்தி எடுங்கள், ரிவேர்ஸிலும் ஏற்றுங்கள். உதறினாலோ, கியர்பெட்டிச் சூட்டு எச்சரிக்கை வந்தாலோ, எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

ஹைபிரிட் பற்றறியை ஓட்டத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். பிழைக் கோட் இல்லை என்பது மட்டும் போதாது, முதல்நாள் அழித்திருக்கலாம். அழுத்தி ஓடும்போது செல்களுக்கிடையே வோல்ட் வித்தியாசம் விரிகிறதா என்று பாருங்கள். மீற்றர் காட்டும் கிலோமீற்றரை யப்பான் ஒக்சன் ஷீற்றுடன் (அங்கே ஏலத்தில் விற்றபோது எழுதிய நிலை அறிக்கை) ஒப்பிடுங்கள். ரயரில் 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆம் வாரத் தயாரிப்பு. நான்கும் பழசென்றால் அந்தக் காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.