மொட்டை மாடியில் 40 மீட்டர் டைபோல்: ஹாம் வானொலிக்கு முதல் ஆண்டெனா கட்டும் முறை

பொழுதுபோக்காக வானொலி நிலையம் வைத்து மற்றவர்களோடு பேசும் ஹாம் வானொலியில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தக் கருவியை வாங்கலாம் என்பதுதான். எந்த ஆண்டெனாவைக் கட்டலாம் என்று கேட்பவர்கள் குறைவு. விலை உயர்ந்த கருவியை மோசமான ஆண்டெனாவில் மாட்டினால் இரைச்சல்தான் இன்னும் துல்லியமாகக் கேட்கும். பழைய, எளிய கருவியாக இருந்தாலும் ஒழுங்காகக் கட்டிய கம்பியில் மாட்டினால் சென்னையில் இருந்துகொண்டு மதுரைக்காரரிடமும் பெங்களூர்க்காரரிடமும் சாவகாசமாகப் பேசலாம். ஆகவே முதல் செலவு ஆண்டெனாவுக்கே ஆகட்டும் என்பது என் கருத்து. அதிலும் 40 மீட்டர் அலைவரிசைக்கான அரை அலைநீள டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த இரண்டு சம நீள வயர்களாலான ஆண்டெனா, வயரிங் கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கட்டி முடிக்கக்கூடியது.

ஒலிபரப்புவதற்கு மத்திய அரசின் அமெச்சூர் உரிமம் வேண்டும். அதற்குத் தேர்வு எழுதியாக வேண்டும். ஆனால் தேர்வுக்குப் படிக்கும் மாதங்களிலேயே கம்பியைக் கட்டிவிட்டுக் கேட்கத் தொடங்கலாம். இந்தியாவில் 40 மீட்டர் அலைவரிசை 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. இங்கே பேச்சு எல்.எஸ்.பி. முறையில் (எஸ்.எஸ்.பி. எனப்படும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையின் ஒரு வகை) நடப்பதால், சாதாரணச் சிற்றலை ரேடியோவில் அது மூக்கடைத்தவர் முணுமுணுப்பதுபோலத்தான் கேட்கும். எஸ்.எஸ்.பி. வசதியுள்ள ரேடியோதான் தேவை.

இனி நீளக் கணக்கு. ஒளியின் வேகத்தைக் குறிக்கும் 300-ஐ அலைவரிசையின் நடுவிலுள்ள 7.1-ஆல் வகுத்தால் அலைநீளம் 42.25 மீட்டர்; அதில் பாதி ஏறத்தாழ 21.1 மீட்டர். கம்பியின் முனைகளில் ஏற்படும் விளைவால் உண்மையில் தேவைப்படுவது அதைவிட 5 சதவீதம் குறைவு, அதாவது சுமார் 20.1 மீட்டர். பி.வி.சி. உறை போட்ட வயராக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். இருந்தாலும் 21 மீட்டராகவே வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்தரை மீட்டர் வரும். நீளமாக இருந்தால் பிறகு குறைக்கலாம். குட்டையாக வெட்டிவிட்டால் ஒட்டுப்போட்டுக்கொண்டு திரிய வேண்டியதுதான். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு வயரே போதும்.

இரண்டு துண்டுகளும் சந்திக்கும் நடுப்பகுதிக்கு உள்ளங்கை அளவு அக்ரிலிக் தகடு ஒன்று வேண்டும். அதில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு துளையிட்டு, வயரை ஒன்றில் நுழைத்து மற்றொன்றில் வெளியே எடுத்து முறுக்கிக் கட்டுங்கள். இழுவிசை முழுவதையும் தகடு தாங்க வேண்டுமே தவிர சால்டர் தாங்கக் கூடாது. பிறகு 50 ஓம் கோஆக்சியல் கேபிளின் உட்கம்பியை ஒரு வயரிலும், வெளிப்பின்னலை மற்றொரு வயரிலும் சால்டர் செய்யுங்கள். 40 மீட்டர் அலைவரிசைக்கு, கேபிளின் நீளம் சில பத்து மீட்டர் என்றால், ஆர்.ஜி.-58 வகை தாராளமாகப் போதும்.

கேபிளை அங்கிருந்து நேராக வீட்டுக்குள் இறக்கிவிடாமல், நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே அதே கேபிளை 4 அங்குல பி.வி.சி. குழாய்மேல் 15 முதல் 18 சுற்று நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். இதற்குச் சுமார் 6 மீட்டர் கேபிள் பிடிக்கும். பலர் வீண் வேலை என்று விட்டுவிடும் இடம் இது. இந்தச் சுருள் இல்லாவிட்டால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆண்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும், வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர் எல்லாம் கிளப்பும் இரைச்சலை அது அள்ளிக்கொண்டு வந்து கருவியில் கொட்டும்.

மாடி வீடுகளுக்கு ஏற்றது தலைகீழ் 'வி' அமைப்பு. மாடியின் நடுவில் 20 அடி ஜி.ஐ. குழாய் ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியில் நடுத்தகட்டைக் கட்டி, இரு பக்க வயர்களையும் கைகள்போலச் சரிவாக இறக்கி நைலான் கயிற்றால் கைப்பிடிச் சுவரிலோ பக்கத்து மரத்திலோ கட்டலாம். இரு கைகளுக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது. இடம் போதவில்லையென்றால் மாடியில் மூலைக்கு மூலை கட்டுங்கள். அப்படியும் போதாவிட்டால் கடைசி ஒரு மீட்டரை வளைத்துக்கொள்ளலாம். மின்னோட்டம் அதிகமாக ஓடுவது நடுப்பகுதியில்தான் என்பதால், முனை வளைவதால் பெரிய நட்டமில்லை. தென்னையில் கட்டுவதானால் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடாமல், கப்பி வழியாக இறக்கி மணல் நிரப்பிய கேனைத் தொங்கவிடுங்கள். காற்றில் மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், வயர் அறுகாது.

முனைகளில் மின்னோட்டம் குறைவாக இருந்தாலும், ஒலிபரப்பும்போது அங்கே மின்னழுத்தம் பல நூறு வோல்ட்டை எட்டும். துணி காயப்போடும் கம்பி என்று நினைத்து யாரும் கை வைத்துவிடாதபடி முனைகள் தரையிலிருந்து குறைந்தது எட்டடி உயரத்தில் இருக்கட்டும். அதைவிட முக்கியமாக, குழாயோ வயரோ சரிந்து விழுந்தால் மின்வாரியக் கம்பியைத் தொட வாய்ப்புள்ள இடத்தில் இதைக் கட்டவே கூடாது.

கட்டி முடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. சூத்திரம் சொல்லும் நீளத்தை மாடியின் கான்கிரீட், கம்பியின் உறை, சாய்வு, அக்கம்பக்கத்து இரும்பு எல்லாம் சேர்ந்து மாற்றிவிடும். அளந்து பார்க்காமல் வேறு வழியில்லை. நானோ வி.என்.ஏ. என்ற கையடக்க அளவீட்டுக் கருவியைக் கேபிளின் கீழ்முனையில் மாட்டி, 6.5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். கோடு எங்கே பள்ளத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் அது; 1.0 என்றால் எதுவும் திரும்பவில்லை. என் 21 மீட்டர் வயருக்கு அது 6.72-இல் விழுந்தது. 21-ஐ 6.72-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.88 மீட்டர், ஆக 1.12 மீட்டர் குறைக்க வேண்டும், பக்கத்துக்கு 56 சென்டிமீட்டர். அதை ஒரேயடியாக வெட்டிவிடாமல், முதலில் 40 சென்டிமீட்டரை மட்டும் பின்னால் மடித்து அதே வயரோடு நெருக்கமாக முறுக்கி, மறுபடியும் அளந்தேன். பிறகு பத்துப் பத்தாகவும், கடைசியில் இரண்டிரண்டாகவும் குறைத்தேன். இரு பக்கமும் எப்போதும் ஒரே அளவு குறைய வேண்டும். 7.1-இல் 1.5-க்குக் கீழும், அலைவரிசையின் இரு ஓரங்களில் 2-க்குக் கீழும் வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். 1.0 வரவேண்டும் என்று மாடிக்கும் அறைக்கும் ஏறி இறங்கிக் கொண்டிருப்பதால் ஒரு பயனும் இல்லை.

எஸ்.டபிள்யூ.ஆர். குறைந்தால் எல்லாம் சரி என்றும் நம்பிவிடாதீர்கள். முதல் மழைக்காலம் முடிந்தபோது என் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், அலைவரிசை முழுவதும் 1.1 காட்டியது, மகிழ்ந்துபோனேன். ஆனால் வழக்கமாகக் கேட்பவர்களின் குரலெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியிருந்தது. இறக்கிப் பார்த்தால், நடுத்தகட்டில் நான் மூடாமல் விட்டிருந்த கேபிள் முனை மழைநீரை உறிஞ்சி, வெளிப்பின்னல் பல அடி தூரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. ஊறிய கேபிள் சக்தியைத் தானே விழுங்கிவிடுவதால் திரும்பி வரும் சக்தியும் குறைகிறது. மீட்டர் அதைத்தான் நல்ல எண்ணாகக் காட்டியது. கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே சால்டர் செய்த இடத்தை எம்-சீல் வைத்து மூடி, அதன்மேல் டேப் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இடி மின்னல் காலத்தில், முதல் இடி கேட்கும் வரை காத்திராமல், வானம் இருட்டும்போதே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இந்த உயரத்தில் கட்டிய 40 மீட்டர் டைபோல் தன் சக்தியில் பெரும்பகுதியை வானத்தை நோக்கி அனுப்பும். அது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழைபோல் இறங்கும். காலை 6 மணி முதல் 9 மணி வரை தென்னிந்திய நிலையங்கள் தெளிவாகக் கேட்பது அதனால்தான். வி.யூ.2, வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறிகள் (நிலையங்களின் அடையாளப் பெயர்கள்) இந்தியாவினுடையவை. 4எஸ்7 என்று வந்தால் இலங்கை. இரவு ஏற ஏற அருகிலுள்ளவர்கள் மங்கித் தொலைவிலுள்ளவர்கள் எழும்புவார்கள். கேட்ட அழைப்புக்குறி, அதிர்வெண், நேரம் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நேரத்தை நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து உலக நேரத்தில் குறிப்பதே ஹாம்களின் வழக்கம்.