புத்தகத்தை மூடிவைத்துப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் மாலை ஆறு மணிக்கு மேல் பல வீட்டு மொட்டைமாடிகளிலும் முன்னறைகளிலும் டியூஷன் நடக்கிறது. நடத்துபவர்களில் பலர், கல்லூரியில் படித்துக்கொண்டே பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்காக்களும் அண்ணன்களும். இந்தச் செய்முறை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி சத்தம்போட்டு வாசிப்பதிலும் கைடைப் பார்த்து நோட்டில் எழுதுவதிலும் போய்விடுகிறது. மூளை ஒரு செய்தியை எப்படித் தக்கவைக்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்த நேரத்தை நீங்களே வேறு விதமாகப் பங்கிடுவீர்கள்.

தொடங்கும் முன் இரண்டு ஆய்வுகள்

ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மீண்டும் கற்றபோது, முதல்முறை ஆன உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமானது, மீதியை மீண்டும் உழைத்தே கற்க வேண்டியிருந்தது.

2006-இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்து, சிலரை மீண்டும் வாசிக்கவும் மற்றவர்களை அதைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதவும் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மீண்டும் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பார்க்காமல் எழுதியவர்களே தெளிவாக முந்தினார்கள். வாசித்தவுடன் "எல்லாம் தெரியும்" என்று தோன்றும் உணர்வு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். நினைவிலிருந்து வெளியே எடுக்கும் முயற்சிதான் அந்த நினைவை உறுதியாக்குகிறது.

படி 1: குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளக்கூடிய புதிய செய்திகள் ஏறத்தாழ நான்குதான் என்பது உளவியலாளர் கோவன் 2001-இல் முன்வைத்த மதிப்பீடு. எனவே ஒரு மாலைக்கு ஒரு பாடத்திலிருந்து மூன்று கருத்துகள் போதும். அவற்றைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த ஒன்றோடு இணைத்துச் சொல்லுங்கள். கழிமுகம் பற்றிய பாடமானால் எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடத்திலிருந்து தொடங்கலாம்: நன்னீரும் கடல்நீரும் கலக்கின்றன, ஓதம் ஏறி இறங்குகிறது, அந்த உவர் சேற்றில் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன.

படி 2: மூடச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள்

இந்தச் செய்முறையில் மிக முக்கியமானது இதுவே. கால் மணி நேரம் விளக்கிய பிறகு, புத்தகத்தையும் நோட்டையும் மூடவைத்து, ஒரு வெற்றுத் தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். நான்கைந்து நிமிடம் நீங்களும் பேசாமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் திணறும்போது விடையை எடுத்துக்கொடுக்க மனம் துடிக்கும். பொறுத்திருங்கள், அந்தத் திணறல்தான் பயிற்சி. ஒன்றுமே வரவில்லை என்பவருக்கு ஒரு சிறு படத்தையோ முதல் எழுத்தையோ குறிப்பாகக் கொடுக்கலாம். எழுத்து வேகம் குறைந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லட்டும்.

பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தவறானதையும் வேறு நிற மையில் அவர்களே திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் தவறே பதிந்துவிடக்கூடும். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள், யாருடைய தாளையும் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்காதீர்கள். பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். விடையைப் பார்த்துப் பத்து முறை எழுதும் இம்போசிஷனை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் கண்ணும் கையும் வேலை செய்கின்றன, நினைவைத் தேடும் வேலை நடப்பதே இல்லை.

படி 3: இடைவெளி விட்டுத் திரும்புங்கள்

மறுநாள் வகுப்பை முந்தைய நாளின் மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள். அவற்றையே நான்கு நாள் கழித்தும், பிறகு இரண்டு வாரம் கழித்தும் கேளுங்கள். இதை ஒழுங்காக நடத்த, லைட்னர் 1972-இல் விளக்கிய அட்டைப்பெட்டி முறை உதவும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு செருப்புப் பெட்டியை மூன்று அறைகளாகத் தடுத்து, முதல் அறையைத் தினமும், இரண்டாவதை வாரம் இருமுறையும், மூன்றாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் எடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இதைத் தானே நடத்திக்கொள்ள முடியும்.

படி 4: கணக்குகளைக் கலந்து கொடுங்கள்

உருளைக்கான கணக்குகளை வரிசையாகப் பத்து போடும்போது, எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் தேவையே இல்லை. பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடுகிறது. பொதுத்தேர்வு வினாத்தாள் அப்படிச் சொல்வதில்லை. ரோரரும் டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கனவடிவங்களின் கன அளவுக் கணக்குகளைக் கலந்து போட்டவர்கள் பயிற்சியின்போது அதிகம் தவறினார்கள், ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் மிக நன்றாகச் செய்தார்கள். ஒவ்வொரு வகையையும் தனியாக விளக்கி முடித்த பிறகு உருளை, கூம்பு, கோளம் மூன்றையும் கலந்து கொடுங்கள்.

படி 5: தூக்கத்தில் கைவைக்காதீர்கள்

நினைவுகள் உருவாக உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் பகலில் சேர்ந்து இயங்கிய செல்கள் தூக்கத்திலும் சேர்ந்து இயங்குவதை, 1994-இல் எலிகளில் வில்சனும் மெக்நாட்டனும் கண்டனர். கற்றது நிலைபெறத் தூக்கம் உதவுகிறது என்பதை மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் காட்டியுள்ளன. பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் வீட்டில், விடியுமுன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பும் அம்மாவோடு விழித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது எளிதல்ல. வீட்டை நாம் மாற்ற முடியாது. ஆனால் தேர்வுக் காலத்தில் இரவு பத்து மணிவரை வகுப்பை இழுக்காமலும், வீட்டுப்பாடத்தைக் குறைத்தும் உதவ முடியும்.

"இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்" என்று பிள்ளைகளைப் பிரிக்கும் முறைக்கு நேரம் செலவிட வேண்டாம். அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் பாஷ்லர் குழுவின் மதிப்பாய்வு கூறியது.

முதல் மாதத்தில் பெற்றோர் வந்து, நோட்டில் ஏன் எதுவும் எழுதவில்லை என்று கேட்பார்கள். பணம் கட்டும் அவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. அதற்காகப் பிள்ளைகள் எழுதிய தாள்களைத் தேதியிட்டுச் சேர்த்துவையுங்கள். ஒரே பாடத்தை முதல் நாளிலும், இரண்டு வாரம் கழித்தும் பார்க்காமல் எழுதிய தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறு நிற மை எதில் குறைந்திருக்கிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.