இரண்டு ஜியோபோனை வைத்துத் தரையின் சாய்வை அளப்பது எப்படி?

நிலநடுக்கத்தில் தரை மூன்று திசைகளில் நகரும். மூன்று அச்சுகளிலும் சுழலவும் செய்யும். வழக்கமான சீஸ்மோமீட்டர் (நில அதிர்வுமானி) நகர்வை அளக்கவே செய்யப்பட்டது. சுழற்சியை நேரடியாக அளக்க ஜெர்மனியின் வெட்செல்லில் பக்கத்துக்கு 4 மீட்டர் நீளமுள்ள ரிங் லேசர் (மூடிய பாதையில் எதிரெதிராக ஓடும் ஒளியை ஒப்பிட்டுச் சுழற்சியை அளக்கும் கருவி) இருக்கிறது. நமக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் தரைமட்டத்தில், செங்குத்து அசைவு இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதே கிடை அச்சிலான சுழற்சி, அதாவது தரை சாய்வது. ஜியோபோன் என்பது தரை அசையும் வேகத்தை மின்னழுத்தமாகத் தரும் சின்னக் கருவி. இரண்டு ஜியோபோனின் வேகங்களைக் கழித்து, இடைவெளியால் வகுத்தால் விடை ரேடியன்/வினாடியில் வந்துவிடும்.

வாங்க வேண்டியவை: 4.5 ஹெர்ட்ஸ் செங்குத்து ஜியோபோன் இரண்டு, 24 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும்) போர்டு, ஷீல்டு கேபிள். ஏடிசியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏடிஎஸ்1256 என்ற சிப் சேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும். கடலூர் வண்டல் மண்ணில் அலை வினாடிக்கு 150 மீட்டர் ஓடுகிறது என்று வைத்தால், 2 மீட்டரைக் கடக்க 13 மில்லிவினாடி. அதில் 1 மில்லிவினாடி பிசகினாலே விடை 7-8% தவறும். எல்லாச் சேனலையும் ஒரே கணத்தில் படிக்கும் ஏடிஎஸ்131எம்04 எடுங்கள்.

படி 1: இரண்டையும் ஒட்டி நட்டு, அரை மணி நேரம் பதியுங்கள். இரண்டு வரைகோடும் ஒரே பக்கம் ஏறி இறங்க வேண்டும். எதிரெதிராகப் போனால் ஒன்றின் ஒயரை மாற்றிக் கொடுங்கள். பிறகு வீச்சுகளின் விகிதத்தைக் கணக்கிட்டு, ஒன்றை அதனால் பெருக்கிச் சமப்படுத்துங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் மொத்த அளவீடும் இதில்தான் நிற்கிறது. 5% வேறுபாட்டை விட்டுவைத்தால், 2 ஹெர்ட்ஸில் உண்மையான சுழற்சியின் 30% அளவுக்குப் பொய்ச் சுழற்சி தெரியும்.

படி 2: 30 செ.மீ. குழி இரண்டு, 2 மீட்டர் இடைவெளியில். ஜியோபோனின் அடியிலுள்ள முளையை ஆட்டாமல் இறக்கி, கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்து, மண்ணை இறுக்கி மூடுங்கள். சவுக்குத் தோப்பு வேண்டாம். காற்றில் மரம் ஆடும்போது வேர் தரையையே சாய்க்கும். ஈசிஆர் ஓரமும் வேண்டாம்.

படி 3: சம்மட்டிச் சோதனை. ஜியோபோன்கள் நிற்கும் கோட்டிலேயே 15 மீட்டர் தள்ளி இரும்புத் தகடு வைத்து அடியுங்கள். பதிவில் 8 முதல் 18 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டி எடுங்கள். அதற்கு மேலே 2 மீட்டர் இடைவெளி கால் அலைநீளத்தைத் தாண்டி, சுழற்சி 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து தெரியும். செங்குத்து முடுக்கத்தின் உச்சத்தைச் சுழற்சி வேகத்தின் உச்சத்தால் வகுத்தால் அலைவேகம் கிடைக்கும். வண்டலில் வினாடிக்கு 100-300 மீட்டர் வந்தால் சரி. அதற்கு வெளியே போனால் படி 1-க்குத் திரும்புங்கள்.

அடுத்து, இரண்டுக்கும் நடுவிலிருந்து செங்கோணமாக 15 மீட்டர் விலகி அடியுங்கள். அலை இரண்டையும் ஒன்றாகத் தொடும். கழித்தால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் ஒரு முளை தளர்ந்திருக்கிறது.

ஐப்பசியில் குழியில் தண்ணீர் ஊறும். கேபிள் இணைப்பைத் தரைக்கு மேலே வையுங்கள். மழை விட்டதும் படி 3-ஐ மறுபடி செய்யுங்கள், ஈர மண்ணில் அலைவேகம் மாறியிருக்கும்.