சாட் பிரெஞ்சு நோட்டுக்குள் வராமல் இருக்க

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் அக்கா மகள் பிரெஞ்சு படிக்கிறாள். இன்ஸ்டாகிராமில் சாட் செய்தே நன்றாகப் பழகிவிட்டாள். ஆனால் போன மாதம் அவளுடைய கட்டுரை நோட்டு முழுக்கச் சிவப்பு வட்டம்.

‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ‘ழு ந ஸே பா’ என்று எழுத வேண்டும். ‘இல்லை’ என்ற பொருளைத் தர ‘ந’, ‘பா’ இரண்டும் ஜோடியாக வர வேண்டும். சாட்டில் அந்த ‘ந’வை விட்டுவிடுவார்கள், இவளும் விட்டிருந்தாள். ‘ஏன்’ என்று கேட்கும் ‘பூர்குவா’ வெறும் பி, கே என இரண்டே எழுத்தாகக் கிடந்தது. பள்ளி முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் மரியாதைக்கு ‘வூ’ (நீங்கள்) போட வேண்டிய இடத்தில் ‘தூ’ (நீ). நம் ஊரில் பெரியவரைப் பார்த்து ‘நீ’ என்று சொல்வது போலத்தான்.

அதற்காகச் சாட்டை நிறுத்தாதீர்கள். சரளம் அதில்தான் வருகிறது. தினமும் இரவு, அன்று அனுப்பிய ஒரே ஒரு மெசேஜை எடுத்து, ஆசிரியருக்கு எழுதுவது போல முழு வாக்கியமாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பேனாவால்தான் எழுத வேண்டும். எழுத்தின் மேல் வரும் சாய்கோட்டைப் போன் தானாகவே போட்டுவிடுகிறது. பேப்பரில் கை அதை மறந்துவிடுகிறது. டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் எழுத்துப் பகுதியில் 45 நிமிடத்தில் குறைந்தது 160 சொற்கள் எழுத வேண்டும். அங்கே சுருக்கங்களை விரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

அப்புறம், எழுதி முடித்ததும் ஒவ்வொரு ‘பா’வையும் பென்சிலால் வட்டமிடட்டும். முன்னால் ஜோடியாக ‘ந’ இல்லையென்றால் அங்கேயே திருத்திவிடலாம்.