தையல் லைனில் புது சூப்பர்வைசர்: குரலிலும் முகத்திலும் நடக்கும் தவறுகள்

நல்ல கை என்று பெயர் எடுத்த டெய்லரைத்தான் பெரும்பாலும் சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள். மெஷின் தெரியும், தையல் தெரியும். முப்பது பேர் முன்னால் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் புதிதாக லைன் (வரிசையாகப் போட்ட தையல் மெஷின்கள்) பொறுப்பு ஏற்பவர்கள், பழைய ஆட்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். கெட்ட வார்த்தை கூடாது, கையை ஓங்கக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊசி உடைந்தால் சுளிக்கும் முகம்

ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தி, துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி தர வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ்களை ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். நேரம் போகும், அந்த மணி நேரத்து புரொடக்‌ஷன் குறையும்.

"ஊசி ஒடஞ்சு போச்சுங்கண்ணா" என்று டெய்லர் எழுந்து வருகிறார். சூப்பர்வைசர் தப்பாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. "சரி, தேடுங்க" என்றுதான் சொல்கிறார். ஆனால் அதற்கு முன்பே ஒரு "ச்சு" வந்துவிட்டது. கண் டார்கெட் போர்டுக்குப் போய் வந்துவிட்டது. பக்கத்து மெஷின்காரர்களும் அதைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த ஊசி உடையும்போது யாரும் எழுந்து வரமாட்டார்கள். டப்பாவில் ஒளித்து வைத்த ஊசி ஒன்று மாறும், உடைந்த முனை குழந்தைச் சட்டையின் மடிப்புக்குள் போகும். பேக்கிங்கில் அது பிடிபட்டால் கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரிக்க வேண்டும். அப்போது "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கத்துவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. சொன்னவருக்கு அன்றைக்கு என்ன முகம் காட்டினோம் என்பதுதான் அதற்குப் பதில்.

சேதி வந்த முதல் மூன்று நொடிதான் முக்கியம். உடம்பை முழுதாக அவர் பக்கம் திருப்புங்கள். கையில் இருக்கும் எழுதும் பேடைக் கீழே இறக்குங்கள். "கையில குத்தலையேங்க?" என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். பிறகு காந்தத்தை எடுத்துக்கொண்டு நீங்களே குனிந்து தேடுங்கள். லைன் முழுக்க அதைப் பார்க்கும். போன நிமிடங்களைப் போர்டில் "ஊசி" என்று எழுதிவிட்டால், குறைந்த பீஸுக்கு அந்த டெய்லர் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

சத்தத்துக்கு மேல் சத்தம்

இரைச்சலில் பேசுபவரின் குரல் அவர் அறியாமலே உயரும் என்று பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911இல் விவரித்தார். குரல் உயரும்போது சுருதியும் ஏறுகிறது. அதனால் "நூல் மாத்துங்க" என்ற சாதாரணப் பேச்சுகூட அதட்டலாகக் காதில் விழும். பத்தடி தள்ளி நின்று கூப்பிட வேண்டாம். கை எட்டும் தூரத்துக்குப் போய், அவர் கண்ணில் படும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். பெடலில் இருந்து கால் எடுக்கட்டும். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவது

துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடக்கூடியது. திடுக்கிட்டால் விரல் போகும்.

ஆல்ட்டர் பீஸை (தவறாகத் தைத்து, திருத்த வேண்டிய பீஸை) எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவது

மேஜையில் வீசுவதும் இதே கணக்குதான். தையல் விட்ட இடத்தில் விரல் வைத்து அவருக்கு மட்டும் காட்டுங்கள்.

பாராட்டும்போது தோளைத் தட்டுவது

தொடவே வேண்டாம்.

"வார்த்தைக்கு 7 சதவீதம்தான்"

பயிற்சி வகுப்புகளில் இந்தக் கணக்கை அடிக்கடி சொல்கிறார்கள்: வார்த்தை 7, குரல் 38, முகம் 55. உளவியலாளர் மெஹ்ரேபியன் 1967இல் செய்த ஆய்வுகளில் இருந்து வந்தது. ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற உணர்வைப் பற்றியது அது, எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது. இஞ்சுக்கு எத்தனை தையல், எந்த நூல், எந்த அளவு என்பதெல்லாம் வார்த்தையில்தான் போய்ச் சேரும். சொல்லி முடித்ததும் ஒரு முறை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கேட்கும்போது புருவம் உயராமல் இருக்கட்டும். பரீட்சை வைப்பதாக அவர் நினைத்துவிட்டால், புரியாததையும் புரிந்தது என்றே தலையாட்டுவார்.