ஆக்டேவ் (ஸ்தாயி) சேராத புல்லாங்குழல்: காரணம் கார்க்

என் மேற்கத்தியப் புல்லாங்குழலில் கீழ் டி (D) ஸ்வரம் சரியாக ஒலிக்கும், மேலே போகப்போக ஸ்ருதி விலகும். உதடு, மூச்சு, பிடிக்கும் கோணம் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. ஊதுதுளை உள்ள தலைப்பகுதியை வெளியே இழுத்தால் ஒன்று சேரும், இன்னொன்று விலகும். நாட்கள்தான் வீணாயின.

தனி வகுப்பில் ஆசிரியர், துடைக்கும் கம்பியைத் தலைப்பகுதிக்குள், அதன் மூடிய முனையை அடைத்திருக்கும் கார்க்கைத் தொடும்வரை விட்டார். கம்பி நுனியிலிருந்து சுமார் 17 மில்லிமீட்டரில் ஒரு கோடு உண்டு. அலங்காரம் என்று விட்டுவிடுவோம். அது ஊதுதுளையின் நடுவில் தெரிய வேண்டும். இங்கே ஓரத்தில் நின்றது. அதாவது, கார்க், முனையிலுள்ள திருகு மூடிப் பக்கம் நகர்ந்திருந்தது.

மூடியைச் சற்றுத் தளர்த்தி, கார்க்கை மெல்ல உள்ளே தள்ளினோம். கோடு நடுவுக்கு வந்தது. அப்புறம் மூன்று ஆக்டேவ் டி-யும் ட்யூனரில் (ஸ்ருதி காட்டும் கருவி) ஒத்துப்போயின. பெரிய நிம்மதி.

மூடியை இறுக்கினால் கார்க் நகரும், அதனால் மூடியைச் சும்மா திருகவே வேண்டாம். லேசாகத் தள்ளினாலே ஓடுகிறது என்றால், கார்க் சுருங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.